பப்மெட்டில் இல்லையென்றால் "இதுவரை யாரும் செய்யவில்லை" என்று எழுதலாமா?

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2025

கீழாநெல்லியும் ஹெபடைட்டிஸ் பி வைரஸும் பற்றி பிஎச்.டி. செய்கிறேன், இரண்டாம் ஆண்டு. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில், செடியின் தாவரவியல் பெயரான "ஃபில்லாந்தஸ் அமாரஸ்" என்று போட்டு, கூடவே நான் செய்யப்போகும் சோதனையின் பெயரையும் போட்டுத் தேடினேன். விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கட்டுரைகள் வந்தன, எதிலும் என் வேலை இல்லை. சாட்ஜிபிடியும் இது புதிது என்றுதான் சொல்கிறது. ஆய்வுத் திட்டச் சுருக்கமான சினாப்சிஸில் "இதுவரை யாரும் செய்யவில்லை" என்று எழுதிவிடலாமா?

3 பிப்ரவரி, இரவு

எழுதாதீர்கள். ஒரு பெயரில், ஒரு இடத்தில் மட்டும் தேடியிருக்கிறீர்கள். இந்தச் செடிக்கு அது போதாது.

இந்தச் செடிக்குப் பழைய கட்டுரைகளில் வழங்கிய "ஃபில்லாந்தஸ் நிருரி" என்ற பெயரையும் போட்டுப் பாருங்கள். உங்கள் துறையின் அடிப்படைக் கட்டுரைகளில் ஒன்று 1987-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் பி.என்.ஏ.எஸ். இதழில் வந்தது. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பெர்க்கும் பி.எஸ். வெங்கடேஸ்வரனும் அதன் ஆசிரியர்களில் இருக்கிறார்கள். அதன் தலைப்பில் இருப்பது நிருரி. அடுத்த ஆண்டு, 1988-ல், லான்செட் மருத்துவ இதழில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரையின் தலைப்பில் இருப்பது அமாரஸ். பிளம்பெர்க்கும் வெங்கடேஸ்வரனும் இரண்டிலும் உண்டு. அடுத்தடுத்த ஆண்டு, இரண்டு பெயர்! அமாரஸ் என்று மட்டும் தேடுகிறவருக்கு முதல் கட்டுரை நழுவிவிடலாம்.

காரணம் இருக்கிறது. பழைய இந்தியத் தாவர நூல்களில் நிருரி என்று எழுதப்பட்டது உண்மையில் அமாரஸ், ஃப்ராடெர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று இனங்களின் கலவை என்று 1985-ல் நம் தாவரவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். உண்மையான நிருரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஆகவே 1985-க்கு முந்தைய இந்தியக் கட்டுரையில் நிருரி என்று பார்த்தால் அது மூன்றில் எது என்று யோசிக்க வேண்டும். பிரேசிலிலிருந்து சிறுநீரகக் கல் பற்றி வரும் கட்டுரையில் நிருரி என்றால் அது பெரும்பாலும் வேறு செடி. இன்றும் நம் ஊரில் சிலர் பழைய பெயரையே எழுதுகிறார்கள்.

4 பிப்ரவரி

இன்னொன்று. பப்மெட் தேடுவது தலைப்பு, சுருக்கம், ஆசிரியர் கொடுத்த கீவேர்ட், பட்டியலாளர்கள் இட்ட பொருள் தலைப்பு ஆகியவற்றில்தான். கட்டுரையின் உள்ளே அது நுழையாது. உங்கள் சோதனையை யாரோ ஒருவர் செய்து, செய்முறைப் பகுதியில் ஒரு பத்தியாக எழுதி, சுருக்கத்தில் விட்டிருந்தால் பப்மெட்டுக்கு அது தெரியாது. கூகுள் ஸ்காலரும் யூரோப் பி.எம்.சி.யும் முழுக் கட்டுரைக்குள்ளும் தேடும். இரண்டிலும் ஒருமுறை தேடிவிட்டுப் பேசுவோம்.

வேதிப்பொருளின் பெயரை மட்டும் வைத்தும் தேடுங்கள். ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின், ஜெரானின், கொரிலாஜின். ஜெரானின் ரம்புட்டான் பழத்தோலிலும் உண்டு. அந்தத் தோலை வைத்து வேலை செய்தவர் கீழாநெல்லியை ஏன் குறிப்பிடப் போகிறார்? ஆனால் அவர் செய்தது உங்களுக்கு வேண்டியதாக இருக்கலாம்.

5 பிப்ரவரி

"இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா, ஒரு சினாப்சிஸ் வாக்கியம்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்காகத்தான் இந்த நீண்ட குறிப்பு.

2001-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றி ஒரு ஆய்வு நடந்தது. நுரையீரல் எப்படிச் சுருங்கி விரிகிறது என்று அறிய, நோயில்லாத தன்னார்வலர்களுக்கு ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பொருளை மூச்சில் உள்ளிழுக்கக் கொடுத்தார்கள். அது பழைய ரத்த அழுத்த மருந்து. அதன் பாதுகாப்பைப் பற்றி ஆய்வாளர் தேடியிருந்தார். பப்மெட்டையும் பாடநூல்களையும் பார்த்திருந்தார். பெரிய எச்சரிக்கை எதுவும் அவர் கண்ணில் படவில்லை. தன்னார்வலர்களில் ஒருவர், 24 வயதுப் பெண், அதே வளாகத்தில் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர், நுரையீரல் பாதிக்கப்பட்டு ஜூன் மாதம் இறந்துபோனார்.

அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கக்கூடும் என்பதற்கான குறிப்புகள் 1950-களின் மருத்துவ இதழ்களில் இருந்தன. ஆனால் அன்றைய பப்மெட் 1966-க்குப் பின்னால் வந்தவற்றைத்தான் காட்டியது. அதற்கு முந்தையது அச்சிட்ட இண்டெக்ஸ் மெடிகஸ் தொகுதிகளில், நூலக அலமாரியில் இருந்தது. அந்தத் தொகுதிகளைப் புரட்டத் தெரிந்த நூலகர் ஒருவரைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த நாட்களில் அமெரிக்க மருத்துவ நூலகர்கள் மாய்ந்து மாய்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது.

திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் அந்தக் கருவியின் எல்லைக்குள், நீங்கள் போட்ட சொற்களுக்கு, ஒன்றும் வரவில்லை என்றுதான் பொருள். அந்த எல்லை எங்கே முடிகிறது என்று தெரியாமல் அதற்குமேல் எதையும் சொல்ல முடியாது. என் மாணவர்களிடம் நான் பிடிவாதமாகக் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கட்டுரை கிடைத்தது?" என்பதில்லை. "எந்த ஆண்டிலிருந்து தேடினாய், எதெல்லாம் அதில் இருக்காது?" என்பதுதான்.

5 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதை வைத்து பப்மெட்டை ஒதுக்கிவிட வேண்டாம். 1997-ல் அதை இலவசமாகத் திறந்துவிட்டது நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பெரிய வரம். அதற்கு முன் கம்ப்யூட்டரில், பப்மெட்டின் அடிப்படையான மெட்லைன் பதிவுகளைத் தேட வேண்டும் என்றால் பணம் கட்டும் இடத்துக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இப்போது 1966-க்கு முந்தைய பதிவுகளும் பெருமளவு சேர்ந்துவிட்டன. ஆனால் பழைய பதிவுகளில் பலவற்றுக்குச் சுருக்கம் கிடையாது, தலைப்பு மட்டும்தான். தலைப்பில் இல்லாத சொல்லைப் போட்டால் சிக்காது.

7 பிப்ரவரி

அந்தக் காலத்தில் எப்படித் தேடினீர்கள் என்று கேட்டவருக்கு.

என் மாணவப் பருவத்தில் வாரம் ஒருமுறை கரண்ட் கன்டென்ட்ஸ் வரும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய புத்தகம், மெல்லிய தாள். உலகத்து இதழ்களின் உள்ளடக்கப் பக்கங்களை அப்படியே அச்சிட்டிருப்பார்கள், பின்னால் ஆசிரியர்களின் முகவரி. நூலகத்தில் யார் கைக்கு முதலில் போகிறது என்று ஒரு போட்டியே இருக்கும். வேண்டிய தலைப்பைக் குறித்துக்கொண்டு, அச்சிட்ட ரீப்ரிண்ட் கேட்பு அட்டையில் நிரப்பி, தபாலில் போடுவோம். வாரக்கணக்கில் காத்திருந்தால் ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ ஒரு உறை வரும். சிலர் கூடவே இன்னும் இரண்டு கட்டுரைகளை வைத்து அனுப்புவார்கள். அவர்களை நான் நேரில் பார்த்ததே இல்லை. என் முதல் ஆய்வின் பாதி அந்த உறைகளால்தான் நடந்தது, இன்றைக்கும் அவர்களுக்கு நன்றி சொல்கிறேன்.

அதில் ஒரு நன்மை இருந்தது. நம் கீவேர்டுக்குப் பொருந்தாததும் கண்ணில் படும். பக்கத்துத் துறையில் என்ன நடக்கிறது என்று தலைப்பளவிலாவது தெரியும். புதுக் கட்டுரை வந்தால் மின்னஞ்சலில் தெரிவிக்கும் இப்போதைய அலர்ட் நாம் கேட்டதை மட்டும் கொடுக்கிறது.

8 பிப்ரவரி

கரண்ட் கன்டென்ட்ஸை நடத்தியவர் பிலடெல்பியாவின் யூஜின் கார்ஃபீல்டு. அவருடைய இன்னொரு யோசனைதான் இந்த இழைக்கு அதிகம் வேண்டியது. எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறது என்று பட்டியலிடலாம் என்று 1955-ல் சயின்ஸ் இதழில் எழுதினார். அமெரிக்க வழக்கறிஞர்கள் ஒரு பழைய தீர்ப்பு இன்னும் செல்லுமா என்று பார்க்க ஷெப்பர்ட்ஸ் என்ற பட்டியலைப் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தி வந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அவருக்கு இது தோன்றியது. 1964-ல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வெளிவந்தது. இன்று கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே இருக்கும் "சைட்டெட் பை" இணைப்பு அந்த வழியில் வந்ததுதான்.

உங்கள் 1988 லான்செட் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் காணாமல் போனது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. அசத்தலான முடிவு. இந்தக் கட்டுரையின் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலை எத்தனை தடவை படித்தாலும் அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று தெரியாது. எந்தக் கட்டுரையும் தனக்குப் பின்னால் வந்ததைச் சொல்ல முடியாதே. "சைட்டெட் பை"யைத் தட்டினால்தான் 1990-ல் தாய்லாந்துக் குழு அதே இதழில் தங்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை என்று எழுதியது வரும். 2011-ல் மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் குழு உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டி, சீன மொழித் தரவுத்தளங்களிலும் தேடி, வெற்று மருந்தைவிடப் பலன் உண்டு என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று முடித்ததும் அப்படித்தான் தெரியவரும்.

1988-ஐ மட்டும் மேற்கோள் காட்டி "மருத்துவரீதியில் நிரூபிக்கப்பட்டது" என்று தொடங்கும் ஆய்வேடுகளை நான் இன்னமும் மதிப்பீட்டுக்குப் பெறுகிறேன். மனசு கேட்காது. அந்த மாணவர் ஐந்தாண்டு உழைத்திருப்பார். முதல் பக்கத்திலேயே அடித்தளம் ஆடுகிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

9 பிப்ரவரி

தாய்லாந்து முடிவு ஏன் மாறியது? செடி வேறா, பறித்த காலம் வேறா, நோயாளிகள் வேறா? அது இந்த இழையில் அடங்காது. ஆனால் செடியின் அடையாளம், சாறு எடுத்த முறை இவற்றை ஒவ்வொரு கட்டுரையிலும் தனியே குறித்து வையுங்கள். உங்களுக்கான புதிய கேள்வி அங்கேதான் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

12 பிப்ரவரி

அலர்ட் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். தினமும் வந்து குவிகிறது, திறக்கவே பயமாக இருக்கிறது என்கிறார்கள்.

தலைப்புச் சொல்லுக்கு அலர்ட் வைப்பதைக் குறையுங்கள். "ஹெபடைட்டிஸ் பி" என்று வைத்தால் வெள்ளம்தான் வரும். அதற்குப் பதில் உங்கள் துறையில் யாரும் தவிர்க்க முடியாத ஐந்தாறு கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றை யாராவது மேற்கோள் காட்டினால் தெரிவிக்கும்படி ஸ்காலரில் வையுங்கள். உங்கள் வேலையை ஒட்டி எழுதுகிறவர் எந்தப் பெயரில், எந்தச் சொல்லில் எழுதினாலும் அந்த ஐந்தாறில் ஒன்றையாவது தொடாமல் போகமாட்டார். கூடவே, இரண்டு மூன்று ஆய்வாளர்களின் பெயருக்கு. பப்மெட்டில் நன்றாகச் செதுக்கிய ஒரு தேடலைச் சேமித்து வாரம் ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். தினமும் வேண்டாம்.

இயற்பியல்காரர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. பால் ஜின்ஸ்பார்க் 1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸில் தொடங்கிய, இதழில் வருமுன் கட்டுரைகளைப் போடும் ஆர்க்கைவ் தளம் அவர்களுக்கு ஒரே இடமாகிவிட்டது. காலையில் அன்றைய பட்டியலைப் பார்ப்பதைப் பேப்பர் படிப்பது போலச் செய்கிறார்கள். அதற்கு முன்பே முன்வரைவுகளைத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது, அதனால் சுலபமாக ஒட்டிக்கொண்டது. உயிரியலுக்கு பயோஆர்க்கைவ் வந்தது 2013-ல், மருத்துவத்துக்கு மெட்ஆர்க்கைவ் 2019-ல். இரண்டிலும் பாருங்கள், ஆனால் யாரும் இன்னும் சரிபார்க்காத கட்டுரை என்ற நினைப்போடு படியுங்கள்.

12 பிப்ரவரி, பிற்சேர்க்கை

எவ்வளவு படிக்க வேண்டும் என்று ஒருவர். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் கரோல் டெனோபிரும் டொனால்டு கிங்கும் பல்லாண்டுகளாகக் கேட்டு வந்தார்கள். 2012 கணக்கில் ஆண்டுக்கு சராசரி 264 கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் அரை மணிக்குச் சற்று மேல். பெரும்பாலும் வரி வரியாகப் படித்திருக்க மாட்டார்கள். நானும் முதலில் படங்களையும் அட்டவணையையும் பார்ப்பேன், பிறகு செய்முறை, அப்புறம்தான் மற்றது. முடிவுரையைக் கடைசியில் படிப்பேன். ஆசிரியர் என்ன நம்பச் சொல்கிறார் என்பதற்கு முன் என்ன செய்தார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

15 பிப்ரவரி

செயற்கை நுண்ணறிவு. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

"புதிதா?" என்று அதைக் கேட்பது பயனில்லாத கேள்வி. இல்லாத ஒன்றை இல்லை என்று உறுதிசெய்ய எங்கே தேடினோம் என்ற கணக்கு வேண்டும், பேசும் நிரல் அந்தக் கணக்கைக் கொடுப்பதில்லை. அது தரும் கட்டுரைப் பட்டியலில் உலகத்தில் இல்லாத கட்டுரைகளும் வரும். ஆசிரியர் பெயர் சரியாக இருக்கும், இதழ் சரியாக இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. ஒவ்வொன்றின் டி.ஓ.ஐ. எண்ணையும் (கட்டுரைக்கான நிலையான அடையாள எண்) போட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் மட்டும் போதாது. உண்மையான கட்டுரையின் மேல், அதில் சொல்லாத முடிவை ஏற்றிச் சொல்வதையும் நான் பார்த்திருக்கிறேன், இதுதான் இன்னும் ஆபத்து.

17 பிப்ரவரி

முந்தாநாள் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் தேடலின் முதல் படிக்கு இந்த நிரல்கள் நன்றாக உதவுகின்றன. "இந்தச் செடிக்கு, இந்தச் சோதனைக்கு, இந்த நோய்க்கு வேறு என்னென்ன பெயர்கள் கட்டுரைகளில் வருகின்றன?" என்று கேளுங்கள். வரும் சொற்களை நீங்களே பப்மெட்டில் போட்டுச் சரிபாருங்கள். தவறான சொல் என்றால் ஒன்றும் கிடைக்காது, அவ்வளவுதான் நஷ்டம். நான் சந்தித்திராத இரண்டு சொற்கள் எனக்கு இப்படிக் கிடைத்தன.

20 பிப்ரவரி

கட்டுரை கண்ணுக்குத் தெரிகிறது, திறக்கப் பணம் கேட்கிறது என்று ஒரு தனியார் கல்லூரி ஆசிரியை எழுதியிருக்கிறார்.

2025 ஜனவரியில், இதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டம் தொடங்கியது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300 நிறுவனங்கள். நல்ல காரியம், சிறு ஊர் அரசுக் கல்லூரி மாணவருக்கும் இதழ் கிடைக்கும். ஆனால் முதல் கட்டத்தில் அது மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்குத்தான். தமிழ்நாட்டில் எவ்வளவு ஆய்வு சுயநிதிக் கல்லூரிகளில் நடக்கிறது என்று நமக்குத் தெரியும். அவர்கள் வெளியே நிற்கிறார்கள். இது சரியில்லை, அடுத்த கட்டத்திலாவது உள்ளே கொண்டுவர வேண்டும்.

அதுவரை: அன்பேவால் என்ற நீட்சியைப் பிரவுசரில் போட்டுக்கொள்ளுங்கள், சட்டப்படி இலவசமாக வேறெங்காவது இருந்தால் காட்டும். பப்மெட் சென்ட்ரலில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ஆசிரியருக்கு நாலு வரி மின்னஞ்சல். யார் நீங்கள், எதற்கு வேண்டும் என்று எழுதுங்கள். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள், தன் கட்டுரையை ஒருவர் கேட்டுப் படிப்பது யாருக்கும் சந்தோஷம்தான்.

23 பிப்ரவரி

கேள்வி கேட்ட மாணவர் மறுபடி எழுதியிருக்கிறார். நிருரி என்று தேடியதில் அவர் திட்டத்துக்கு மிக நெருக்கமான ஒரு வேலை கிடைத்ததாம். இன்னொன்று இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வேடு ஒன்றில். வருத்தமாக இருக்கிறது என்கிறார்.

வருத்தப்படாதீர்கள். அந்த ஆய்வேட்டை எழுதியவர் எந்த இடத்தில் நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று பாருங்கள். இதழில் வராத தோல்விகள் ஆய்வேட்டில் இருக்கும், அவை உங்களுக்கு மாதக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்தும். சினாப்சிஸில் இப்படி எழுதுங்கள்: "பப்மெட், யூரோப் பி.எம்.சி., கூகுள் ஸ்காலர், ஷோத்கங்கா ஆகியவற்றில் பிப்ரவரி 2025 வரை, இன்னின்ன பெயர்களில் தேடியதில், இன்ன வகைச் சோதனை இன்ன அளவில் மட்டுமே செய்யப்பட்டிருக்கிறது." மதிப்பீட்டாளர் யாராக இருந்தாலும் இந்த வாக்கியத்தை மதிப்பார்.

24 பிப்ரவரி

டான் ஸ்வான்சனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறையாக இருக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர், மருத்துவர் இல்லை. மீன் எண்ணெய் ரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது என்று ஒரு தொகுதிக் கட்டுரைகள் சொல்வதையும், குளிரில் விரல் வெளுக்கும் ரேனாட் நோயாளிகளுக்கு ரத்தம் பிசுபிசுப்பாக இருக்கிறது என்று இன்னொரு தொகுதி சொல்வதையும் அவர் கவனித்தார். இரண்டு தொகுதியும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டவே இல்லை. மீன் எண்ணெய் இந்த நோய்க்கு உதவலாம் என்று 1986-ல் எழுதினார். 1989-ல் நோயாளிகளிடம் நடந்த சோதனை, வேறு நோயின் விளைவாக அல்லாமல் தானாக வரும் வகை ரேனாட் உள்ளவர்களிடம் அதை ஆதரித்தது. ஆய்வகத்துக்குள் நுழையாமல், படித்தே செய்த கண்டுபிடிப்பு! ஆகவே லிட்ரேச்சர் தேடுவதைச் சடங்கு என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

"சைட்டெட் பை" வழி இங்கே உதவாது என்பதையும் கவனியுங்கள். மேற்கோளே இல்லாத இடத்தில் எதைப் பிடித்துப் போவது? அங்கே பக்கத்துத் துறையின் இதழ்களைப் புரட்டுவதும் வேறு துறை நண்பரோடு டீ குடிப்பதும்தான் வழி.

1 மார்ச்

திரும்பப் பெற்ற கட்டுரைகள் பற்றி ஒரு வரி. மேற்கோள்களைச் சேமித்து வைக்கும் ஜோட்டெரோ மென்பொருளில் உங்கள் கட்டுரைகளைச் சேமித்தால், அதில் ஏதாவது திரும்பப் பெறப்பட்டிருந்தால் சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும். 2019 முதல் இந்த வசதி இருக்கிறது, இலவசம். ஆய்வேட்டை பைண்டிங் கொடுக்கும் முன் ஒருமுறை கட்டாயம் பாருங்கள்.

6 மார்ச்

மஞ்சள் காப்புரிமை விவகாரத்தை ஒருவர் நினைவுபடுத்தினார், பழைய இதழ்கள் ஏன் வேண்டும் என்பதற்குச் சரியான உதாரணம். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. இந்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். 32 ஆதாரங்களைக் காட்டி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. சம்ஸ்கிருத, உருது, இந்தி நூல்களோடு இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953-ல் வந்த ஒரு கட்டுரையும் அதில் இருந்தது.

அந்த 1953 இதழ் யாரோ ஒருவர் அலமாரியில் பத்திரமாக இருந்ததால்தான் காட்ட முடிந்தது. 1950, 60-களில் நம் மருத்துவக் கல்லூரிகளும் சங்கங்களும் வெளியிட்ட சிறு இதழ்கள் பல எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. இடமில்லை என்று நூலகங்கள் பழைய தொகுதிகளை எடைக்குப் போடுவதைக் கேள்விப்படுகிறேன். உங்கள் கல்லூரியில் அப்படி ஒரு யோசனை இருந்தால், முதலில் அட்டையையும் உள்ளடக்கப் பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து இங்கே போடுங்கள். எது வேறெங்கும் கிடைக்காது என்று நானும் இங்கே வருகிற நூலகர்களும் பார்த்துச் சொல்கிறோம். ஸ்கேன் செய்ய ஆள் வேண்டுமென்றாலும் எழுதுங்கள்.